பங்குனி மலையும் ஒரு வானிலை அறிக்கையும்

மலர்க்குழு மாணவர்கள் சிலர் எம் அறைக்கு வந்து, "ஐயா, இவ்வாண்டு மலருக்கு இளவேனிலைப் பற்றி ஒரு கட்டுரை எழுதித் தரவேண்டும்" என்று கேட்டனர். தென்றலும் குயிலும் மாந்தளிரும் நிறைந்த கட்டுரை ஒன்றை அவர்கள் எதிர்பார்த்திருக்கக் கூடும். நாமும் அவ்வாறு எழுதும் எண்ணத்துடன்தான் அமர்ந்தோம். ஆயினும் இளவேனில் என்ற சொல்லை எழுதிய மாத்திரத்தில் எம் நினைவில் எழுந்தது மாம்பூவின் மணமன்று. நனைந்து அழுகிய வெள்ளைப்பூண்டின் நெடியே. எனவே மாணவச் செல்வங்கள் பொறுத்தருள வேண்டும். நாம் நெருங்கி அறிந்த வேனில் பழனி மலையின் மேல், பூம்பாறை என்னும் ஊரில் இருக்கிறது. அதைப் பற்றி எழுதத்தான் நம்மால் இயலும்.

கோடைக்கானல் நகரிலிருந்து மேற்கே ஏறத்தாழ இருபது கிலோமீட்டர் சென்றால், படிகளை அடுக்கி வைத்தாற்போன்ற வயல்களின் நடுவே அவ்வூர் தென்படும். குழந்தை வேலப்பர் கோயிலால் அது பக்தர்களுக்குத் தெரியும். மலைப்பூண்டால் வணிகர்களுக்குத் தெரியும். கோடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019 ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தபோது செய்தித்தாள்கள் எல்லாம் அதன் பெருமையை எழுதின. அதற்கு வெகுகாலம் முன்பே அப்பூண்டு எம் வீட்டில் சோறாகவும் துணியாகவும் பள்ளிக் கட்டணமாகவும் மாறியிருந்தது. எம் அத்தா ஒரு சிறு பூண்டு வணிகர். பூம்பாறையிலும் மன்னவனூரிலும் விளைந்ததை வயலிலேயே விலை பேசி, லாரியில் ஏற்றி, மலைப்பாதையில் காட்ரோடு வரை இறங்கி, பெரியகுளத்தை அடுத்த வடுகபட்டிச் சந்தையில் விற்பது அவர் தொழில். பெரியகுளத்தில் எங்கள் வீட்டு மச்சில் ஆண்டின் பாதி நாட்கள் பூண்டுக் கட்டுகள் தொங்கிக்கொண்டிருக்கும்.

தமிழ் பயிலும் மாணவர்க்கு இங்கே ஒன்றை நினைவூட்ட விரும்புகிறோம். தொல்காப்பியர் ஒவ்வொரு நிலத்துக்கும் ஒரு பொழுதை வகுத்தளித்தார். மலைக்கு, அதாவது குறிஞ்சிக்கு, அவர் கொடுத்தவை கூதிரும் முன்பனியும். வேனிலையும் பின்பனியையும் பாலைக்குக் கொடுத்துவிட்டார். மாணவப் பருவத்தில் இதனை மனப்பாடம் செய்து தேர்வில் எழுதினோமேயன்றி, ஏன் என்று கேட்டதில்லை. மாசியிலும் பங்குனியிலும் பழனி மலையின் மேற்சரிவுகளில் நடந்து பார்த்த பிறகே அது விளங்கிற்று. புல்வெளி முழுவதும் வைக்கோல் நிறத்தில் காய்ந்து கிடக்கும். ஓடைகளில் கல்தான் தெரியும். இரவில் பற்கள் கிட்டும் குளிர். பகலில் தோலைப் பொசுக்கும் வெயில். மலையும் காடும் வெயிலால் தம் தன்மையை இழக்கும்போது அதற்குப் பாலை என்று பெயர் என்னும் கருத்தை இளங்கோவடிகளும் சொல்லியிருக்கிறார். ஆக, மலைக்கு வேனில் என்பது சிறிது காலம் அது மலையாக இல்லாமற் போவதுதான். பாலை மீண்டும் குறிஞ்சி ஆவதற்கு முதற் கோடை மழை வரவேண்டும். அது எந்நாள் வரும், எவ்வளவு வரும், எந்தச் சரிவில் பெய்யும் என்பதே அம்மக்களின் பங்குனி மாதக் கவலை.

கணக்கு வழியில் பார்த்தாலும் இதே கதைதான். கோடைக்கானலில் ஆண்டு முழுவதும் பெய்யும் மழை ஏறத்தாழ 1600 மில்லிமீட்டர். தென்மேற்குப் பருவக்காற்றின் பெருமழையை மேற்கேயுள்ள மூணாறு, ஆனைமலை முகடுகள் வாங்கிக்கொள்வதால், பழனி மலைக்கு ஐப்பசி, கார்த்திகை மழையே பெருமழை. தைக்குப் பின் வானம் வறண்டுவிடும். பிப்ரவரியில் முப்பது நாற்பது மில்லிமீட்டர் பெய்தாலே நல்ல மழை. ஆனால் ஏப்ரலில் நூறைக் கடந்துவிடும். இந்த ஏற்றத்துக்கு இடையில் நிற்பதுதான் பங்குனி. அது வறண்ட மாதமும் அன்று, மழை மாதமும் அன்று. ஐப்பசியில் நட்ட பூண்டு முற்றி, தாள் மஞ்சளாகி, பிடுங்குவதற்குக் காத்திருப்பதும் அதே பங்குனியில்தான்.

பூண்டை மண்ணிலிருந்து பிடுங்கியவுடன் மூட்டையாகக் கட்டிவிட முடியாது. தாளோடு வயலிலேயே பரப்பி ஓரிரு நாள் ஈரம் போகக் காயவைக்க வேண்டும். பின்னர்க் கட்டுகளாகக் கட்டி, வீட்டினுள் அடுப்புப் புகை படும்படி தொங்கவிடுவார்கள். புகை பட்ட பூண்டு பல மாதம் கெடாது, விதைக்கும் உதவும். ஆனால் மண்ணுக்கும் புகைக்கும் இடைப்பட்ட அந்த ஓரிரு நாளில் மழை பட்டால், மேல்தோல் கறுத்து, பல் பிரிந்து, உள்ளே நீர் கோத்துக்கொள்ளும். வேரோடு இருந்தால் மழையைத் தாங்கும் பூண்டு, பிடுங்கியபின் தாங்காது. நான்கு மாத உழைப்பு முழுவதும் அந்த ஓரிரு நாள் வானத்தை நம்பி நிற்கிறது என்பதை நாம் 1987 ஆம் ஆண்டுப் பங்குனியில் கற்றோம்.

அப்போது நாம் முதுகலைத் தமிழ் பயின்றுகொண்டிருந்தோம். தேர்வுக்கு முந்தைய விடுமுறை. அத்தாவுக்கு முழங்கால் வலி இருந்தமையால் துணைக்கு மலைக்குச் சென்றோம். அத்தா வழக்கமாகப் பூண்டு வாங்கும் ஒரு பெரியவர் இருந்தார். அத்தா அவரை "அண்ணே" என்பார். அவர் அத்தாவை "ராவுத்தரே" என்பார். அந்த முறையில் நாம் அவரைப் பெரியப்பா என்று அழைத்தோம். கோயிலுக்குக் கீழே ஏழு படி வயல் அவருக்கு. நான்கு நாட்களில் சிறிது சிறிதாகப் பிடுங்கிக் காயவைத்து உள்ளே கொண்டுபோவது அவருடைய திட்டம். அவ்வாறே அவர் தந்தையும் செய்துவந்தாராம். ஆனால் அத்தாவுக்கு லாரி இரண்டு நாளில் வரவிருந்தது. ஒரே நாளில் எல்லாப் படிகளிலும் பிடுங்கினால் கூலியும் மிச்சம், வண்டிச் சத்தமும் மிச்சம் என்று பேச்சு வந்தது.

பெரியவர் உடனே இசையவில்லை. கிழக்கே சமவெளியை நோக்கிச் சரியும் முகட்டைப் பார்த்துக்கொண்டே நின்றார். "ராத்திரி காத்து இறங்கல ராவுத்தரே. விடியல்ல குளிரக் காணோம்" என்றார். எமக்கு அது ஒரு பொருட்டாகத் தோன்றவில்லை. முந்தைய நாள் மாலை கோடைக்கானல் தேநீர்க் கடை ஒன்றில் வானொலி அறிக்கையைக் கேட்டிருந்தோம். அடுத்த இருபத்து நான்கு மணி நேரத்துக்கு வறண்ட வானிலை என்று அதில் சொன்னார்கள். அதை நாம் பெருமிதத்தோடு எடுத்துரைத்தோம். சொன்னதோடு நின்றோமா? விண்ணில் செயற்கைக்கோள் சுற்றும் காலத்தில் விடியற் குளிரைக் கொண்டு மழையைக் கணிப்பது எப்படி என்றும் கேட்டுவிட்டோம். இளமையின் கல்விச் செருக்கு அது. அத்தா எம்மை ஒரு முறை பார்த்தார், ஏதும் சொல்லவில்லை. பெரியவர் சிறிது நேரம் கழித்து, "படிச்ச புள்ள சொல்லுது. பிடுங்கிருவோம்" என்றார்.

பன்னிரண்டு ஆட்கள் பிடுங்கினர். பத்து மணிக்கெல்லாம் கிழக்கு முகட்டின் மேல் பஞ்சுப் பொதி போல ஒரு வெண்முகில் எழுந்து நின்றது. அழகாக இருக்கிறது என்று நாம் சொன்னது நினைவிருக்கிறது. பெரியவர் அதைப் பார்த்ததும் நினைவிருக்கிறது. அதற்குள் ஐந்து படிகள் முடிந்திருந்தன. பிற்பகல் இரண்டரை மணிக்கு முகிலின் அடி ஈயம் போல் கறுத்தது. காற்று சட்டென நின்று, பின் மேலிருந்து கீழாகக் குளிர்ந்து வீசியது. மூன்று மணிக்கு ஆலங்கட்டி விழத் தொடங்கிற்று. நாற்பது நிமிடம் கூட இராது. சாக்கும் சேலையும் கொண்டு மூட ஓடினோம். கட்டிகள் முதுகில் அறைந்தன. மேல் படியின் வெள்ளம் கீழ்ப் படியில் இறங்கி, பரப்பி வைத்த பூண்டை அள்ளிக்கொண்டு போயிற்று. மழை விட்டபோது வயல் முழுவதும் வெள்ளை வெள்ளையாக இருந்தது. எது பூண்டு, எது பனிக்கட்டி என்று குனிந்து எடுத்துப் பார்த்தால்தான் தெரிந்தது.

அன்றிரவு எவரும் எம்மைக் கடியவில்லை. கடிந்திருந்தால் நலமாக இருந்திருக்கும். பிழைத்ததில் பாதி நனைந்த பூண்டு. அத்தா அதனையும் முதலில் பேசிய விலைக்கே எடுத்துக்கொண்டார். பெரியவர் வேண்டாம் என்று மறுத்தும் கேட்கவில்லை. வடுகபட்டியில் அதை எவரும் கை நீட்டி எடுக்கவில்லை. பதினைந்து நாட்கள் எங்கள் வீட்டு மச்சிலும் முற்றத்திலும் பரப்பி, புரட்டி, பொறுக்கி, நான்கில் ஒரு பங்கை விற்றோம். எஞ்சியது எருக்குழிக்குப் போயிற்று. அந்த நெடியின் நடுவே அமர்ந்துதான் நாம் முதுகலைத் தேர்வுக்குப் படித்தோம். அத்தா அந்தக் கடனை அடைக்க இரண்டு ஆண்டுகள் ஆயின. அவ்விரண்டு ஆண்டுகளிலும் அந்த வானொலி அறிக்கையைப் பற்றி அவர் ஒரு சொல்லும் பேசியதில்லை.

அறிக்கையில் பிழை இருந்ததா என்று பின்னர்ப் பலமுறை எண்ணிப் பார்த்திருக்கிறோம். பிழை எம்முடையது என்றே தோன்றுகிறது. மாநிலம் முழுமைக்கும் பொதுவாகச் சொன்ன ஒன்றை, ஒரு மலை மடிப்பின் ஏழு படி வயலுக்குச் சொன்னதாக நாம் எடுத்துக்கொண்டோம். அன்று சமவெளியில் எங்கும் ஒரு துளி பெய்யவில்லை. பெரியகுளம் வறண்டே கிடந்தது. அறிக்கை அந்த அளவில் மெய்யே.

மலை தன் வானிலையைப் பெரிதும் தானே சமைத்துக்கொள்கிறது. காலை வெயில் கிழக்குச் சரிவில் முதலில் விழுகிறது. சூடேறிய காற்று சரிவைப் பற்றி மேலே ஏறுகிறது. ஆயிரம் மீட்டர் உயரத்துக்குச் சராசரியாக ஆறரை டிகிரி வெப்பம் குறைவதால், ஏறும் காற்றில் உள்ள ஈரம் ஓர் உயரத்தில் முகிலாக உறைகிறது. இரவில் இது தலைகீழாக நிகழும். முகட்டில் குளிர்ந்து கனத்த காற்று பள்ளம் நோக்கி இறங்கும். விடியற்காலைக் குளிர் அதனால் வருவது. வானம் தெளிந்து காற்று வறண்டிருந்தால்தான் தரை நன்கு குளிர்ந்து அந்த இறக்கம் நிகழும். காற்றில் ஈரம் மிகுந்தால் அது ஒரு போர்வை போல வெப்பத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஆகவே, "ராத்திரி காத்து இறங்கல" என்று பெரியவர் சொன்னதன் பொருள், வங்கக்கடலின் ஈரம் தென்கிழக்குக் காற்றோடு மலைமேல் வந்து சேர்ந்துவிட்டது என்பதே. பத்து மணிக்கே முகில் எழுந்ததும் அதே செய்தியின் இரண்டாம் வரி. ஈரம் குறைந்த நாளில் முகில் பிற்பகலில் சிறிதாகத் தோன்றிக் கலைந்துவிடும். பெரியவருக்கு இந்த விளக்கங்கள் தெரியாது. ஆனால் விடை தெரியும். எமக்கு அன்று இரண்டும் தெரியவில்லை.

பங்குனியிலும் சித்திரையிலும் தென்னிந்தியாவின் உட்பகுதியில் வறண்ட வடமேற்குக் காற்றும் ஈரமான தென்கிழக்குக் காற்றும் எதிர்ப்படுகின்றன. வானிலை அறிக்கைகளில் "காற்றின் திசை மாறுபாடு" என்று இதனையே குறிப்பிடுகிறார்கள். இச்சந்திப்பு ஒரு நாள் கர்நாடகத்தில் இருக்கும். மறுநாள் கொங்கு நாட்டுக்கு நகரும். அது மலைக்கு அருகே வரும் நாளில் இடியும் ஆலங்கட்டியும் வரக்கூடும். ஆனால் பெய்யும் முகிலின் அகலம் சில கிலோமீட்டர்தான். பூம்பாறையில் கொட்டும்போது மன்னவனூரில் வெயில் அடிப்பதை நாமே கண்டிருக்கிறோம். ராடார்க் கதிரும் முகடுகளில் தடைப்பட்டுவிடுவதால், மலை மடிப்புக்குள் கீழ்மட்டத்தில் நடப்பதைத் தொலைவிலிருந்து முழுதும் காண இயலுவதில்லை.

அடுத்த ஆண்டு பங்குனியில் நாம் அத்தாவோடு மீண்டும் மலையேறினோம். போக விருப்பமில்லை, அத்தா வற்புறுத்தி அழைத்துச் சென்றார். பெரியவர் தேநீர் கொடுத்து அமரவைத்த பின் எம்மிடம் முதலில் கேட்டது, "தம்பி, ரேடியோ என்ன சொல்லுது?" என்பதே. எள்ளலோ என்று முகத்தைப் பார்த்தோம். இல்லை. மெய்யாகவே கேட்டார். நாம் தயங்கித் தயங்கிச் சொன்னதை முழுவதும் கேட்டுக்கொண்டு, வெளியே சென்று கிழக்கு முகட்டைப் பார்த்து, பிறகு இரண்டு படிகளை மட்டும் பிடுங்கச் சொன்னார். அதன்பின் அவர் வாழ்ந்த காலம் வரை ஒவ்வொரு பங்குனியிலும் இவ்வினாவைத் தவறாமல் கேட்டார். அதற்கு விடை சொல்வதற்காகவே நாம் மலைக்குப் போகும் முன் அறிக்கையைக் குறித்துக்கொண்டு போகும் வழக்கம் ஏற்பட்டது. அத்தா மறைந்த பின்பும் அவ்வழக்கம் நிற்கவில்லை.

மழையை முன்கூட்டி அறியும் ஆசையால்தான் அம்மலைக்கு அறிவியலே வந்தது என்பது பலர் அறியாத செய்தி. தாது வருடப் பஞ்சம் என்று நம் முன்னோர் அஞ்சி நினைவுகூர்ந்த 1876–78 ஆம் ஆண்டுப் பஞ்சத்தில் சென்னை மாகாணத்தில் இலட்சக்கணக்கானோர் மாண்டனர். பருவமழை பொய்ப்பதற்கும் கதிரவனின் மேல் தோன்றும் கரும்புள்ளிகளுக்கும் தொடர்பு இருக்கக்கூடும் என்று அக்காலத்து அறிஞர் சிலர் கருதினர். கதிரவனை நாள்தோறும் ஆராய்ந்தால் மழையைக் கணிக்கலாம் என்ற நம்பிக்கை பிறந்தது. அந்நம்பிக்கையின் விளைவாகவே, 1899 ஆம் ஆண்டில், கடல் மட்டத்திற்கு மேல் 2343 மீட்டர் உயரத்தில் கோடைக்கானல் கதிரவ ஆய்வகம் அமைந்தது. மிச்சி ஸ்மித் அதன் முதல் இயக்குநர். பின்னர் வந்த ஜான் எவர்ஷெட் 1909 சனவரியில் கரும்புள்ளிகளின் ஓரத்தில் வாயுக்கள் கிடையாக வெளிநோக்கிப் பாய்வதைக் கண்டுபிடித்தார். அது இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது. நூற்றாண்டுக்கு மேலாகக் கதிரவனின் படங்கள் அங்கே சேர்ந்துள்ளன. மழை எப்போது வரும் என்று கேட்டு மலையேறியவர்களுக்குக் கதிரவனில் வீசும் காற்று அகப்பட்டது. மழைக்கான விடை மட்டும் அகப்படவில்லை. அவ்வாய்வகத்தைச் சுற்றிப் பார்க்கும்போதெல்லாம், இருபது கிலோமீட்டருக்கு அப்பால் முகட்டைப் பார்த்துக்கொண்டு நின்ற பெரியவரின் நினைவு எமக்கு வராமல் இருந்ததில்லை. கேட்ட கேள்வி ஒன்றுதானே.

மழை வராத வேனிலின் மறுமுகத்தையும் சொல்லாமல் விடலாகாது. முன்பு சோலைக்காடும் புல்வெளியுமாக இருந்த சரிவுகளில் பைன், வாட்டில், தைல மரங்கள் அயல்நாட்டிலிருந்து வந்து பரவிவிட்டன. மாசியிலும் பங்குனியிலும் அவற்றின் சருகும் காய்ந்த புல்லும் ஒரு பொறிக்குக் காத்திருக்கும். பகலில் சரிவில் ஏறும் காற்று என்று மேலே சொன்னோம் அல்லவா? முகிலை எழுப்பும் அதே காற்றுத்தான் தீயையும் மேலே ஏற்றுகிறது. சரிவில் ஏறும் தீ மனிதனின் ஓட்டத்தை மிஞ்சிவிடும். 2018 மார்ச் 11 அன்று போடிநாயக்கனூரை அடுத்த குரங்கணி மலையில் மலையேற்றத்துக்குச் சென்றிருந்தவர்களைத் தீ சூழ்ந்துகொண்டது. இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அவர்களுள் பலர் இளைஞர்கள், இளம்பெண்கள். அம்மாத இறுதியில் எம் துறை மாணவர்களை மலைச் சுற்றுலாவுக்கு அழைத்துச் செல்வதாக நாம் வாக்களித்திருந்தோம். அதைக் கைவிட்டபோது மாணவர் சிலர் மனம் வருந்தினர். மலையில் மார்ச்சு என்றால் என்ன என்று அவர்களுக்குச் சொல்ல அன்று எமக்கு வாய் வரவில்லை. இவ்வளவு காலம் கழித்து இக்கட்டுரையில் அதைச் சொல்கிறோம் என்று கொள்ளலாம்.

இனி வருங்காலம் எப்படி என்று கேட்பார்கள். 2024 ஏப்ரல் இறுதியில் உதகமண்டலத்தில் 29 டிகிரி வெப்பம் பதிவாயிற்று. 1951 முதல் உள்ள பதிவுகளில் அதுவே மிகுதி என்று செய்தித்தாள்கள் எழுதின. அவ்வேனிலில் சமவெளியின் வெக்கை தாளாமல் மக்கள் மலைக்குத் திரண்டமையால், நீலகிரிக்கும் கோடைக்கானலுக்கும் செல்லும் வண்டிகள் மின்னணு அனுமதிச் சீட்டு பெறவேண்டும் என்று சென்னை உயர்நீதிமன்றம் ஆணையிட்டு, மே 7 முதல் அது நடைமுறைக்கு வந்தது. காற்றின் வெப்பம் ஒரு டிகிரி உயர்ந்தால் அது தாங்கும் ஈரம் ஏறத்தாழ நூற்றுக்கு ஏழு பங்கு கூடும் என்பது இயற்பியல். ஆகவே வறட்சி நீளும் ஆண்டிலும், பெய்யும் நாளில் கொட்டித் தீர்க்கும் என்று அஞ்ச இடமிருக்கிறது. படி வயல்களுக்கு நன்மை செய்வது மெதுவாக ஊறும் மழை. கொட்டும் மழை மேல்மண்ணைக் கரைத்துக்கொண்டு போய்விடும். நாம் அறிந்த அளவில் இதற்கு மேல் உறுதியாகச் சொல்வதற்கில்லை. முன்பு ஒரு முறை உறுதியாகச் சொல்லியிருக்கிறோம்.

சென்ற பங்குனியிலும் பூம்பாறைக்குச் சென்றோம். இப்போது அந்த ஏழு படி வயலைப் பார்ப்பவர் பெரியவரின் பேரன். வேளாண்மையில் பட்டயம் பெற்றவர். எம்மை "சார்" என்பார். அவர் வீட்டுப் பெண்கள் மட்டும் பழைய உறவை மறவாமல் "ராவுத்தர் மகன்" என்பார்கள். வானிலைத் துறை மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை மாவட்டவாரியாக வெளியிடும் இடிமழை எச்சரிக்கை அவருடைய கைப்பேசிக்கு வந்துவிடுகிறது. மஞ்சள், ஆரஞ்சு என்று நிறங்கள். தேநீர்க் கடை வானொலிக்குக் காத்திருந்த காலம் போயிற்று. அன்று காலை மாவட்டத்துக்கு எந்த நிறமும் இல்லை. மூன்று படிகளில் பூண்டு பிடுங்கிப் பரப்பியிருந்தார்கள்.

பத்தரை மணி இருக்கும். கிழக்கு முகட்டின் மேல் ஒரு சிறு வெண்முகில் தலை காட்டிற்று. பேரன் கைப்பேசியைப் பார்த்தார். பின் முகட்டைப் பார்த்தார். பின் எம்மைப் பார்த்து, "சார், நீங்க என்ன நெனைக்கிறீங்க?" என்று கேட்டார்.

"விடியல்ல குளிர் இருந்ததா தம்பி?" என்றோம்.

அவர் சற்று எண்ணிப் பார்த்தார். "நான் எந்திரிக்கிறப்ப ஏழு மணி ஆயிருச்சு சார்" என்று சொல்லிச் சிரித்தார். பிறகு வீட்டுப் பக்கம் திரும்பி, "அம்மா, ராத்திரி காத்து இறங்குச்சா?" என்று குரல் கொடுத்தார். அடுப்படியிலிருந்து, இறங்கிற்று, ஆனால் வழக்கம்போல் இல்லை, கொஞ்சம்தான் என்று விடை வந்தது. அவர் நான்காம் படியில் கை வைக்க இருந்த ஆட்களை நிறுத்தினார். பரப்பியிருந்ததில் முன்தினத்தது மட்டும் கட்டி உள்ளே போயிற்று. மற்றதன் ஓரத்தில் தார்ப்பாய்களைச் சுருட்டி வைத்தார்கள்.

மூன்று மணி வரை காத்திருந்தோம். முகில் வளர்ந்தது, கறுத்தது, பிறகு தெற்கே சாய்ந்து நகர்ந்தது. வயலில் ஒரு துளியும் விழவில்லை. ஆட்களுக்கு அரைநாள் கூலி வீண்தான். அவர் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. எமக்கு இரண்டு கட்டுப் பூண்டைத் துணிப்பையில் போட்டுக் கொடுத்தார். விலை வாங்க மறுத்தார். மாலைப் பேருந்தில் ஏறி, கோடைக்கானலைக் கடந்து பெருமாள்மலை அருகே இறங்கிக்கொண்டிருந்தபோது சாலை நனைந்திருந்தது. சன்னலைத் திறந்தோம். நனைந்த மண்ணின் மணத்தோடு ஆலங்கட்டியின் குளிரும் முகத்தில் பட்டது. ஓட்டுநர் வண்டியை மெதுவாக்கி, சாலையோரத்துப் பள்ளத்தில் இன்னும் கரையாமல் கிடந்த வெண்கட்டிகளை நடத்துநருக்குக் காட்டிக்கொண்டிருந்தார்.